இடது தோளும் மூன்று அங்குல நார் மெத்தையும்

வயலின் ஏறக்குறைய அரைக் கிலோ. வில் 60 கிராம். இத்தனை லேசான வாத்தியத்தை வாசிக்கிறவர்களுக்குத் தோள் எப்படிப் போகிறது என்று மிருதங்கக்காரர்கள் கேலி செய்வார்கள். அவர்கள் படியேறித் தூக்கிக்கொண்டு வருகிற எடையைப் பார்த்தால் அந்தக் கேலியில் நியாயம் உண்டு. ஆனால் தோள் சுமப்பது வயலினை இல்லை, கையை. ஒரு கையின் எடை உடம்பின் மொத்த எடையில் சுமார் 5 சதவீதம். அறுபது கிலோ ஆளுக்கு மூன்று கிலோ. அதை விலாவிலிருந்து விலக்கி, முன்னால் நீட்டி, இரண்டரை மணி நேரக் கச்சேரி முழுக்கக் காற்றில் வைத்திருக்கிறோம்.

எனக்கு வலி குடியேறிய இடம் இடது தோளின் மேற்புறம், கழுத்து இறங்கித் தோளாகிற சரிவு. டிரபீசியஸ் என்கிற தசை அங்கேதான் ஓடுகிறது. மிருதங்கக்காரர் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் வில்லைக் கீழே வைத்துவிட்டு, தாளம் போடுகிற சாக்கில் தோளை மெதுவாகச் சுழற்றிக்கொள்கிற பழக்கம் வந்துவிட்டது. எலும்பு மருத்துவர் கையைத் தலைக்கு மேல் தூக்கச் சொன்னார், முதுகுக்குப் பின்னால் கொண்டுபோகச் சொன்னார். இரண்டும் முடிந்ததால் தோள் இறுகிப்போகும் வியாதி இல்லை என்று பிசியோதெரபிக்கு அனுப்பினார். விரல் மரத்துப்போகிறது, பிடி தளர்கிறது, ராத்திரி தூக்கம் கெடுகிற அளவுக்கு வலிக்கிறது என்றால் கீழே உள்ளது எதுவும் உங்களுக்கு உதவாது. முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

பிசியோதெரபிஸ்ட் அம்மா முதல் நாளே சொல்லிவிட்டார்: "அடுத்த வாட்டி வயலினோட வாங்க மேடம். வெறுங்கைய பாத்து நான் என்ன சொல்றது?" எடுத்துக்கொண்டு போனேன். அவர் அறையில் பாய் விரித்து உட்கார்ந்து ஒரு வர்ணத்தை முதல் காலத்தில் வாசித்தேன். அவர் தோளைப் பார்க்கவே இல்லை. பின்னால் போய் நின்று இடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். முட்டி இரண்டும் இடுப்பைவிட உயரத்தில் நின்றதால் இடுப்பெலும்பு பின்பக்கமாகச் சாய்ந்திருந்தது. அது சாய்ந்தால் நடுமுதுகு கூனும், கூனினால் தலை முன்னால் வரும், தலை முன்னால் வந்தால் அதைத் தாங்குகிற வேலை அந்தக் கழுத்துச் சரிவுத் தசைக்கு.

"நிமிர்ந்து உட்காரு" என்று சின்ன வயசிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான். இப்போது என் மாணவர்களிடம் அந்த வாக்கியத்தைச் சொல்வதில்லை. இடுப்பு சாய்ந்திருக்கும்போது முதுகை மட்டும் வலுக்கட்டாயமாக நிமிர்த்தினால் நாலு நிமிஷம் நிற்கும். அப்புறம் வயலின் நழுவும், அதைப் பிடிக்கத் தோள் மேலே ஏறும்.

நம் வாத்தியப் பிடியை ஒரு தடவை யோசித்துப் பார்க்க வேண்டும். முத்துஸ்வாமி தீக்ஷிதரின் தம்பி பாலுஸ்வாமி தீக்ஷிதர் காலத்தில், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வயலின் நம் கர்நாடக சங்கீதத்துக்குள் வந்தது. வெள்ளைக்காரர்கள் நின்றபடி வாசித்ததை நாம் தரையில் உட்கார்ந்து வாசிக்கிறோம். வயலினின் சுருள்தலை வலது காலில், கணுக்காலை ஒட்டி. அடிப்பக்கம் இடது காறை எலும்புக்கும் மார்புக்கும் நடுவே. தாங்கல் இந்த இரண்டுதான். இவை உறுதியாக இருந்தால் இடது கைக்கு வாத்தியத்தைப் பிடிக்கிற வேலையே கிடையாது. அதனால்தான் மந்திரம் என்கிற கீழ் ஸ்தாயியிலிருந்து மேலே தாரஸ்தாயிவரை ஒரே ஜாருவில், அதாவது விரலை எடுக்காமல் வழுக்கியபடியே, போய்வர முடிகிறது. இரண்டில் ஒன்று ஆடினாலும் இடது கட்டைவிரலும் இடது தோளும் மூன்றாவது, நான்காவது தாங்கலாக மாறிவிடும். ஆகவே நான் செய்த வேலை எல்லாமே தோளுக்கு வெளியேதான் நடந்தது.

அளந்து பார்த்தது

வீட்டில் பூச்சு வேலைக்கு வந்த மேஸ்திரி ஒரு தூக்குக்குண்டை விட்டுவிட்டுப் போயிருந்தார். அதைத் திரைச்சீலைக் கம்பியில் கட்டி, நான் உட்காருகிற இடத்துக்குப் பின்னால் தொங்கவிட்டேன். போனை இடப்பக்கத்தில், தோள் உயரத்துக்கு வைத்து வீடியோ. போட்டோ எடுத்துப் பயனில்லை, போட்டோவுக்கு எல்லோரும் நன்றாகத்தான் உட்காருவோம். வீடியோவிலும் முதல் கால் மணி நேரத்தைத் தள்ளிவிட்டு, ஸ்வரக் கோர்வையில் மனசு போயிருக்கும் இடத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டும். நூலுக்கு நேராகத் தோள் முனை இருக்கும்படி வைத்துப் பார்த்தால் காது நாலு விரற்கடை முன்னால் இருந்தது. வில் இழுக்கும்போது இடது தோள் காது மடலை நோக்கி ஏறுவதும், வில் திரும்பும்போது இறங்காமல் அங்கேயே நிற்பதும் தெரிந்தது.

இருக்கை

முதலில் வீட்டில் கிடந்த தலையணைகள். இலவம் பஞ்சு உட்கார்ந்த ஐந்தாவது நிமிஷம் அப்பளமாகிவிடும். மெமரி ஃபோம் அதைவிட மோசம், ஒரு பக்கமாக அமுங்கி இடுப்பைக் கோணலாக்கும். வேண்டியது அமுங்காத பொருள். நம் ஊரில் அதற்கு விலை குறைந்த விடை ரப்பர் பூசிய தேங்காய் நார் ஷீட். மெத்தைக் கடைகளில் வெட்டி மிஞ்சிய துண்டுகள் ஓரமாக அடுக்கிக் கிடக்கும். கடைக்காரர் "இது படுக்கவாக்கா, உக்காரவா?" என்று கேட்டார். உட்கார என்றதும் ஒரு அங்குலக் கனத்தில் நல்ல கெட்டியான ஷீட்டாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தார்.

உயரத்தைக் காசு கொடுக்கும் முன்பே கண்டுபிடித்துவிடலாம். பழைய செய்தித்தாள்களைக் கட்டாக அடுக்கி அதன் மேல் உட்கார்ந்து, முட்டிகள் இடுப்பைவிடச் சற்றே தாழும்வரை ஏற்றிக்கொண்டே போக வேண்டும். எனக்கு அது மூன்று அங்குலத்தில் வந்தது. தொடை இறுக்கம் உள்ளவர்களுக்கு நாலுகூட ஆகலாம்.

முன்பக்கம் தாழ்ந்து பின்பக்கம் உயர்ந்த சரிவு வேண்டும். ஆனால் நார் ஷீட்டைச் சாய்வாக வெட்ட முடியாது, பிய்ந்துபோகும். அதனால் படிப்படியாக அடுக்கினேன். அடியில் 16 அங்குல அகலம், 12 அங்குல ஆழத்தில் முழுத் துண்டு. அதன் மேல் பின்பக்கத்தை ஒட்டி 8 அங்குல ஆழத் துண்டு. அதற்கும் மேல் 5 அங்குலத் துண்டு. ரப்பர் சொல்யூஷனை இரண்டு பரப்பிலும் தடவி, விரலில் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு, பிறகு அழுத்த வேண்டும். ஈரத்தோடு ஒட்டினால் ஓரம் பிரிந்துவிடும். வாடை தலையைச் சுற்றும், மொட்டை மாடியில் வைத்துச் செய்யுங்கள். படி தெரியாமல் இருக்க மேலே அரை அங்குல ஃபோம். நார் குத்தாமல் இருக்கப் பழைய வேட்டி ஒன்றை இரண்டு சுற்றுச் சுற்றித் தைத்தேன். உறைக்குப் பவானி ஜமுக்காளத்தின் கிழிந்துபோன ஒன்றிலிருந்து நல்ல பகுதி. தையல்காரர் மெஷின் ஊசி உடையும் என்று கையை விரித்துவிட்டார், கோணி ஊசியால் நானே தைத்தேன். ஜமுக்காளத்தில் புடவையும் வழுக்காது, மேடையில் விரித்திருக்கும் துணி மேலும் நகராது. ரெக்ஸின் போட்டிருந்தால் இரண்டும் நடந்திருக்கும்.

இதில் உட்கார்ந்ததும் முதுகு தானாக எழுந்தது. கூடவே புதுசாக ஒரு தொல்லையும் எழுந்தது. நான் மூன்று அங்குலம் மேலே போய்விட்டேன், வலது பாதம் தரையிலேயே இருக்கிறது. வயலின் செங்குத்தாகிவிட்டது. தாரஸ்தாயி பக்கத்தில் வந்துவிட்டதால் அங்கே சுகம், ஆனால் மந்திர ஸ்வரங்களுக்குக் கை கீழே துழாவியது, கையோடு தோளும் குனிந்தது.

அப்படியானால் பாதத்தையும் ஏற்ற வேண்டும். இரண்டு ஹவாய் செருப்பு அடிகளை ஒட்டிக் காலுக்கடியில் வைக்கலாம், கனம் சரியாக வரும் என்று கணக்குப் போட்டேன். அம்மா கேட்டாள்: "ஏண்டி, சரஸ்வதிய செருப்பு மேலயா வைக்கப் போற?" வயலின் காலில்தானே இருக்கிறது, செருப்பு காலுக்கடியில்தானே என்று வாதாடிப் பார்த்தேன். எடுபடவில்லை. கடைசியில் செருப்பு தைப்பவர்கள் வாங்கும் கடையிலிருந்து அதே ரப்பர் ஷீட்டை வெட்டாத பலகையாக வாங்கி வந்தேன். வெட்டாத ஷீட்டுக்குச் செருப்பு என்று பெயர் இல்லை என்பதால் வீட்டில் சமாதானம். 10 அங்குல நீளம், 5 அங்குல அகலம், ஒன்றரை அங்குல உயரத்துக்கு அடுக்கி ஒட்டினேன். இருக்கை உயர்ந்ததில் பாதி பாதத்துக்கு என்பது எனக்குச் சரிப்பட்டது. முழு உயரமும் கொடுத்தால் பழையபடி முட்டி மேலே வந்துவிடுகிறது.

தோள் மேலே நடந்தது

வீட்டுச் சாதகத்தில், அதாவது வீட்டுப் பயிற்சியில், வலி மட்டுப்பட்டது. கச்சேரிக்கு மறுநாள் மட்டும் அப்படியே திரும்ப வந்தது. நேரத்தைக் காரணம் சொல்லலாம் என்றால், வீட்டிலும் அதே அளவு நேரம் வாசிக்கிறேன். வித்தியாசம் பட்டுப்புடவை. வயலினின் அடிப்பக்கம் உட்கார வேண்டிய அதே இடது தோளில்தான் முந்தானை மடிப்பு ஐந்தாறு அடுக்காக வந்து உட்காருகிறது, நடுவில் ஒரு ஊக்கு. பட்டின் மேல் வார்னிஷ் பூசிய மரம் நிற்குமா? நழுவ நழுவ, தோளை முன்னால் கொண்டுவந்து அணை கட்டிக்கொண்டிருந்தேன். ஜிப்பா போடுகிற ஆண் வித்வான்கள் யாரும் இதைச் சொல்லித் தரப்போவதில்லை.

இப்போது மடிப்பைக் கழுத்திலிருந்து இரண்டு அங்குலம் வெளியே தள்ளி, ஊக்கைத் தோளின் பின்சரிவில் குத்துகிறேன். காறை எலும்பின் மேல் ஒரே ஒரு அடுக்குத் துணி. அதற்கும் வயலினுக்கும் நடுவே ஒரு ஷாமி தோல். கார் துடைக்க விற்பார்களே, அதுதான், ஆனால் அசல் தோலாகப் பார்த்து வாங்க வேண்டும். ஆறுக்கு ஐந்து அங்குலமாக வெட்டி, ஒரு முனையில் எலாஸ்டிக் வளையம் தைத்து வயலினின் அடி முளையில் மாட்டினேன். இன்னொரு முனையின் வளையம் கீழ்மூலையைச் சுற்றி வரும். பசை எதுவும் கூடாது. அலமாரியில் விரிக்கிற ரப்பர் வலையை வெட்டிச் சிலர் வைத்துக்கொள்கிறார்கள். பிடிப்பு அதில் அதிகம்தான், ஆனால் அந்த மாதிரி ரப்பரும் பிளாஸ்டிக்கும் நாள்பட வார்னிஷை இளக்கி ஒட்டிக்கொள்ளும். வாசித்து முடித்ததும் கழற்றிவிட வேண்டும்.

சின் ரெஸ்ட்டையும் கழற்றிவிட்டேன். 1820 வாக்கில் ஜெர்மானிய வயலின் கலைஞர் லூயி ஷ்போர் தாடைக்காகக் கண்டுபிடித்தது அது. நம் பிடியில் தாடைக்கு வேலையே இல்லை. அதன் இரும்புத் திருகு காறை எலும்பில் குத்துகிறதே என்று தோளைத் தள்ளித் தள்ளி வைத்திருந்ததுதான் மிச்சம்.

பிரடை

பிரடை என்பது தந்தியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் மரத் திருகு. தோள் வலிப் பதிவில் அதற்கு என்ன வேலை என்று தோன்றும். பக்கவாத்தியக்காரர்களுக்குத் தெரியும். பாடகரைப் பொறுத்து ஒரு நாள் ஒரு கட்டை சுருதி, அடுத்த நாள் ஐந்தரை. தந்திகளை ஒவ்வொரு தடவையும் மாற்றிச் சேர்க்க வேண்டும். பிரடையோ கால்மாட்டில் இருக்கிறது. குனிந்து, இடது கையால் அதை உள்ளே அழுத்தியபடியே திருகி, வலது கையால் வில் போட வேண்டும். ஈரப்பதம் ஏறினால் மரம் ஊதி இறுகிக்கொள்ளும். டிசம்பரில் ஏசி மண்டபத்தின் வறண்ட காற்றில் சுருங்கி வழுக்கும். இரண்டிலும் முழு பலமும் தோளிலிருந்துதான் போகிறது. கச்சேரி தொடங்கும் முன்பே தோள் களைத்துவிடுகிறது.

சரிசெய்ய அரை நாள் வேலை. ஒரு தந்தியை முடித்த பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். நான்கையும் ஒன்றாகத் தளர்த்தினால் தந்திகளைத் தாங்கும் குதிரை சாய்வதோடு, உள்ளே முட்டுக்கொடுத்து நிற்கும் சவுண்ட் போஸ்ட் என்கிற குச்சியும் விழுந்துவிடும், அப்புறம் கடைக்குத்தான் ஓட வேண்டும். பிரடையை உருவிப் பார்த்தால் துளையின் இரு சுவரும் உரசிய இடத்தில் பளபளவென்று இரண்டு வளையம் தெரியும். உலர்ந்த துணியால் அழுக்கைத் துடைத்துவிட்டு, நன்றாகக் காய்ந்த குளியல் சோப்பை அந்த வளையங்களில் மட்டும் தேய்த்தேன், மேலே சாக்பீஸ். சோப்பு வழுக்கக் கொடுக்கும், சாக்பீஸ் நிறுத்திப் பிடிக்கும். துளையில் செருகி முன்னும் பின்னும் சுழற்றிப் பார்த்து, இறுகினால் இன்னும் சோப்பு, நழுவினால் இன்னும் சாக்பீஸ். தந்தியைச் சுற்றும்போது கடைசிச் சுற்று, பிரடையின் தலை இருக்கும் பக்கச் சுவரை நோக்கி வர வேண்டும். அது பிரடையைத் தானே உள்ளிழுத்துக் கொடுக்கும். ஆனால் சுவரில் போய் நெருக்கக் கூடாது. இத்தோடு நான்கு தந்திக்கும் ஃபைன் டியூனர் என்கிற சின்னத் திருகு போட்ட டெயில்பீஸ் (தந்திகளின் அடிமுனை மாட்டுகிற பாகம்) ஒன்றையும் மாட்டிவிட்டேன். சின்னத் திருத்தங்களுக்கு இனி குனிய வேண்டியதில்லை, மார்புக்குப் பக்கத்திலேயே விரல் எட்டுகிறது.

குதிரையின் உயரத்தைக் குறைத்தது வயலின் ரிப்பேர்க்காரர், நான் தொடவில்லை. ஃபிங்கர் போர்டின் முடிவில் மேல் பஞ்சமத் தந்தி நாலரை மில்லிமீட்டர் உயரத்தில் நின்றது, மூன்றரைக்கு வந்தது. ஸ்வரத்தை அசைக்கிற கமகத்துக்கு அழுத்தும் விரலின் பாரம் குறைந்ததும் கட்டைவிரலின் எதிர்ப்பிடியும் தளர்ந்தது. நாதத்தில் கொஞ்சம் கனம் குறைந்ததாக என் காதுக்குப் படுகிறது. ஏற்றுக்கொண்டேன்.

வகுப்பும் மேடையும்

காலையில் அமெரிக்கக் குழந்தைகளுக்கு ஆன்லைன் வகுப்பு. போனைத் தரையில் சாய்த்து வைத்துவிட்டு, இரண்டு மணி நேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பேன். சாதகத்தைவிட இதுதான் கழுத்தைத் தின்றிருக்கிறது என்பது தூக்குக்குண்டு வீடியோவில் தெரிந்தது. இப்போது அரிசி டப்பா மேல் போன், கண் மட்டத்தில், நேர் எதிரே. செலவு ஒன்றும் இல்லை.

மேடையில் பாடகர் நமக்கு வலப்பக்கம். அவர் முகத்தைப் பார்க்காமல் வாசிக்க முடியாது. சபையைப் பார்த்து உட்கார்ந்து கழுத்தை மட்டும் வலப்புறம் திருப்பிக்கொண்டே இருந்தால் இடப்பக்கக் கழுத்து இழுபட்டபடியே கிடக்கும். இருக்கையையே பாடகர் பக்கம் கொஞ்சம் திருப்பிப் போட்டுவிடுகிறேன். மைக்காரரிடம் முன்கூட்டியே சொன்னால் மைக்கை நகர்த்திக் கொடுப்பார். சொல்லாவிட்டால் நாம் மைக்கைத் தேடிக் குனிய வேண்டி வரும். மானிட்டர் ஸ்பீக்கரில் வயலின் கேட்கவில்லை என்றால் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தன் வாத்தியம் தன் காதுக்குக் கேட்காதபோது எல்லோரும் வில்லை அழுத்துவோம், அந்த அழுத்தம் வலது தோளின் கணக்கில் போய்ச் சேரும். மைக் சரியாக இல்லாத காலத்தில் மைசூர் சௌடய்யா (1895–1967) ஏழு தந்தி வயலினைச் செய்துகொண்டது நாதம் கடைசி வரிசைவரை போக வேண்டும் என்றுதான். நமக்கு அந்தக் கஷ்டம் இல்லை, சவுண்ட்காரரைக் கூப்பிட்டால் போதும்.

பயிற்சிகளில் நிலைத்தவை மூன்று. கதவு நிலையில் முன்கையை ஊன்றி மார்புத் தசையை விரிப்பது. தோள்பட்டை எலும்புகளைப் பின்னாலும் கீழுமாக இழுத்து ஐந்து எண்ணும்வரை நிறுத்துவது. முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து ரப்பர் பேண்டை வெளிப்பக்கம் இழுப்பது. மற்றதெல்லாம் தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியதோடு சரி. சாதகத்தை அரை மணிக்கொரு தடவை நிறுத்தி எழுந்து நடப்பது இவற்றைவிட அதிகம் உதவியது. தோளைப் பின்னால் இழுத்துக் கட்டும் பெல்ட் ஒன்றும் வாங்கிப் பார்த்தேன், அதைக் கட்டிக்கொண்டு வில் முழு நீளம் போகாது.

இடது தோள் இப்போது கச்சேரிக்கு மறுநாளும் அமைதியாக இருக்கிறது. பெரிய ராகம் தானம் பல்லவி என்றால் மட்டும் லேசாக முனகும். பாக்கி இருப்பது வலது கை. மந்திரத் தந்திக்கு வில் போகும்போது முழங்கை உயர்ந்தாக வேண்டும், அங்கே நீளமாக ஆலாபனை செய்தால் மேற்கை கனக்கிறது. வயலினை அதன் அச்சிலேயே சற்றுத் திருப்பி, மேல் தந்திப் பக்கத்தைத் தாழ்த்தி வைத்தால் முழங்கை இறங்கும் என்று பிசியோதெரபிஸ்ட் சொல்கிறார். அதற்கு ஷாமி தோலின் அடியில் ஒரு ஓரமாக மட்டும் கனம் கூட்ட வேண்டும். மிச்சம் இருக்கும் ஃபோமில் கால் அங்குலம் வெட்டி வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் உறைக்குள் தைத்துப் பார்க்க வேண்டும்.